சுடவில்லை என்று சொன்ன கை

என் ஆசை நைனாவுக்கு,

பாக்கியம் எழுதிக்கொள்வது. நீ இருக்கிற இடத்தில் சுகமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க நினைத்தேன். மனசு வரவில்லை. உன்மேல் அவ்வளவு கோபமாக இருக்கிறேன். பெரியவர்களுக்கு எழுதும்போது 'நீங்கள்' போட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். உயிரோடு இருந்தவரைக்கும் உன்னை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. செத்தபிறகு எதற்குப் புது மரியாதை? நீ என்றே எழுதுகிறேன்.

ஊர்ச் சேதி கேள். வெள்ளைக்காரன் சண்டை இன்னும் முடியவில்லை. ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டே இருக்கிறது. செங்கல் லாரி போகிற புழுதியில் முத்தாபுதுப்பேட்டை வரைக்கும் மரமெல்லாம் சிவந்து கிடக்கிறது. நம் ஏரிக்கரைச் சூளையில் ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்றை அடுக்குகிறார்கள். நீ இருந்திருந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆறாத கல்லை எடுக்கிறவர்களை விரட்டிக்கொண்டிருப்பாய். அம்மா ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள். சொன்னால் கேட்பதில்லை.

உன் பதினாறாம் நாள் காரியத்தில் முனுசாமி அண்ணனுக்குத் தலைப்பா கட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஊர்ப் பெரியவர் ஒருவர் அண்ணனின் வலது கையைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இனிமே மேஸ்திரி கை முனுசாமிக்குத்தாம்பா. புள்ளைங்களுக்கு மேலு சுட்டா இங்கதான் இட்டுகினு வருவோம்" என்றார். கூட்டம் ஆமாம் என்றது. அண்ணன் அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் சபையில் வாயைத் திறக்கவில்லை. அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கேட்கப்போகிறவர்களில் உன்னைத் தெரியாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காக உன் கதையை உனக்கே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நீ சூளை மேஸ்திரி. பச்சைக் கல்லை அடுக்கி, மேலே மண் பூசி, விறகு வைத்து மூட்டிவிட்டால் உள்ளே கல் வெந்ததா இல்லையா என்று ஒருத்தராலும் பார்க்க முடியாது. நீ சூளைமேல் ஏறுவாய். பூசின மண்ணில் உள்ளங்கையை வைப்பாய். "இன்னும் ஒரு நாளு" என்பாய். பிரித்துப் பார்த்தால் கல் ஒவ்வொன்றும் கணீர் என்று இருக்கும். சூளைக்காரர் கை என்றால் பாடி, கொரட்டூர், அயனம்பாக்கம் எல்லா ஊரிலும் தெரியும்.

ஒருநாள் கல் அறுக்க வந்தவள் ஒருத்தி தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மேஸ்திரி, நெருப்புக்குள்ள கீற கல்லோட சூடே ஒனக்குத் தெரிது. எம்புள்ள சூடு தெரியாதா? கொஞ்சம் தொட்டுப் பாரு" என்றாள். தொட்டாய். "ஒண்ணியும் இல்ல, போ" என்றாய். மறுநாள் அந்தப் பிள்ளை மண்மேட்டில் ஏறி விளையாடியது. காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் சூளைமேட்டில் பிள்ளை தூக்கிய தாய்மார்கள் வரிசையாக நிற்க ஆரம்பித்தார்கள்.

குழந்தைகளுக்கு வருகிற காய்ச்சலில் முக்கால்வாசி வந்த வழியே போய்விடும். மருந்துச்சாலையில் வேலை செய்கிறவள் சொல்கிறேன். அப்படிப் போனதையெல்லாம் உன் கைராசி என்று ஊர் பேசிக்கொண்டது. போகாததையெல்லாம் தலையெழுத்து என்றது. நினைத்து நினைத்துப் பார்க்கிறேன் நைனா, ஒரு பிள்ளையின் நெற்றியிலாவது கைவைத்து 'சுடுது' என்று நீ சொன்னதுண்டா? நான் கேட்டதில்லை. நல்ல சேதியாகவே சொல்கிற கையை யாருக்குச் சந்தேகப்படத் தோன்றும்?

என் தம்பி ஏழுமலை விஷயத்துக்கு வருகிறேன். வராமல் முடியாது.

அவனுக்கு நாலு வயது. எனக்குப் பத்து. அண்ணனுக்குப் பதின்மூன்று. அவனைத் தோளிலேயே தூக்கிக்கொண்டு திரிவான் அண்ணன். அன்றைக்குக் காலையில் ஏழுமலை கூழைத் தள்ளிவிட்டான். கூழுக்கு அடித்துக்கொள்கிற பிள்ளை அவன். மூலையில் போய்ச் சுருண்டு படுத்தான். அம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூளைக்கு ஆளனுப்பி உன்னைக் கூப்பிட்டாள்.

கல் பிரிக்கிற வேலையில் இருந்தாய். முழங்கை வரைக்கும் சாம்பலோடு வந்து நெற்றியில் கைவைத்தாய்.

"பச்சத்தண்ணியா கீது. இதுக்கா கூப்ட்ட?"

"கொதிக்குதுய்யா. நல்லா தொட்டுப் பாரு."

"பொம்பள கையி, அடுப்புல வெந்த கையி. அதுக்கு எல்லாம் சூடாத்தான் இருக்கும். கஞ்சிய ஊத்தி வெளியாட உடு."

அம்மா கஞ்சி ஊற்றினாள். அவன் வாந்தி எடுத்தான். மறுநாள் மத்தியானம் கண் மேலே செருகி, கைகால் வெட்டி இழுத்தது. ஜன்னி என்று யாரோ சொன்னார்கள். அப்போதும் நீ நெற்றியைத் தொட்டாய். அப்போதும் உன் கை இல்லை என்றது. மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்கு முன்னால் பிள்ளை போய்விட்டான்.

கண் இருந்ததே நைனா உனக்கு! கை சொல்லாவிட்டால் போகட்டும். பசியென்று கேட்காத வாய், காய்ந்து வெடித்த உதடு, பாதி திறந்து எங்கேயோ பார்த்த கண், கண்ணீரே வராத அழுகை, உடம்பெல்லாம் கொதிக்கிறபோது சில்லிட்டுக் கிடந்த பாதம். இவ்வளவும் உன் எதிரில்தானே இருந்தது? பத்து வயசுப் பெண் எனக்கே தெரிந்தது. உன் கையைத் தவிர வேறு எதையும் நீ கேட்கவில்லை. எங்களையும் கேட்கவிடவில்லை.

நான் பூந்தமல்லி மருந்துச்சாலையில் சீசா கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தபோது நீ சந்தோஷப்பட்டாய். உன் மாப்பிள்ளை, என் புருஷனின் ஜட்காவில் ஏறி என்னைப் பார்க்க வந்தபோது வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, "எம்பொண்ணு டாக்டரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாய். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அங்கேதான் எனக்கு உன் கை புரிந்தது. ஒருநாள் கொதிநீரில் சீசாவெல்லாம் கழுவி முடித்த கையோடு, வந்திருந்த ஒரு குழந்தையின் நெற்றியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. ஒன்றுமில்லை என்று அதன் தாயிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டாக்டரம்மா தர்மாமீட்டரை எடுத்து நீட்டினாள். அக்குள் வியர்வையைத் துடைத்து வைத்துப் பார்த்தால் நூற்றிரண்டு. என் கை சூடாக இருந்ததால் அந்தப் பிள்ளை எனக்குக் குளிர்ந்து தெரிந்திருக்கிறது. என் கைக்கு அரைமணி நேரத்துச் சூடு. உன் கைக்கு முப்பது வருஷத்துச் சூடும் காய்ப்பும். ஏழுமலையின் உதடு கண்ணுக்குள் வந்து நின்றது.

அடுத்த வாரமே ஊருக்கு வந்து உன்னிடம் சொன்னேன், ஞாபகமிருக்கிறதா? சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாய். சண்டை போடவில்லை, குற்றம் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னேன். நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "வேற வேல இல்ல ஒனக்கு" என்று கையைக் கழுவிக்கொண்டு எழுந்து சூளைக்குப் போய்விட்டாய். சோறு அப்படியே இருந்தது. பெண் சொன்னது பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நான் ஒரு மக்கு.

பிறகு உனக்கே காய்ச்சல் வந்தது. கட்டிலைச் சுற்றி ஊர் நின்றது. உன் கையை எடுத்து உன் நெற்றியிலேயே வைத்துக்கொண்டு, "சுடலியே" என்று சிரித்தாய். நாலு பேர் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். நான் தர்மாமீட்டரை எடுத்தபோது, "அக்குள்ல குச்சி சொருவிக்க நான் இன்னா கொயந்தையா? எடுத்துகினு போ" என்று எல்லார் எதிரிலும் விரட்டினாய். டாக்டரம்மாவை அழைத்துவருகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாய். எட்டாம் நாள் உனக்கு நினைவு தப்பினபிறகுதான் என்னால் வைத்துப் பார்க்க முடிந்தது. நூற்றைந்து. ஒன்பதாம் நாள் பார்க்க வேலையில்லாமல் போயிற்று.

அதையும் பொறுத்துக்கொண்டேன். உன் உடம்பு, உன் பிடிவாதம். இனி எழுதப்போவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போன மாதம் ஒருநாள் காலை, மருந்துச்சாலை வாசலில் ஜட்கா வந்து நின்றது. குப்பம்மாள் அண்ணி இறங்கினாள். இடுப்பில் செல்லி. உன் பேத்திதான், அண்ணன் மகள். மூன்று வயது முடிகிறது. திருவேற்காட்டில் அம்மனுக்கு வேண்டுதல் என்று வீட்டில் சொல்லிவிட்டு, கோயிலில் இறங்காமல் நேரே பூந்தமல்லிக்கு விடச் சொல்லியிருக்கிறாள்.

"பாக்கியம், ஒங்க அண்ணன் மூணு நாளா இல்ல இல்லன்னே சொல்லிகினு கீறாரு. எனக்குத் தீயா சுடுது. எந்தக் கைய நான் நம்பறது? நீயே சொல்லு" என்றாள்.

செல்லியின் கண்ணைப் பார்த்தேன். பாதி திறந்திருந்தது. அத்தை என்று கூப்பிடவில்லை. பாதம் சில்லிட்டிருந்தது. தர்மாமீட்டரை உதறினேன். உதறாமல் வைத்தால் முன்னே பார்த்தவர் சூட்டையே காட்டிக்கொண்டிருக்கும். அக்குளைத் துடைத்து வைத்து, கையை உடம்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். எடுத்து வெளிச்சத்தில் திருப்பினேன். கண்ணாடியில் ஓர் அம்புக்குறி உண்டு. உடம்பு சரியாக இருந்தால் வெள்ளிக் கோடு அதன் பக்கத்தில் நிற்கும். கோடு அம்பைத் தாண்டி மேலே மேலே போய், நூற்றுநாலில் நின்றது.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, முறைக்காய்ச்சல் என்றாள். கல்லுக்கு மண் வெட்டின குழிகளில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறதே, அந்தக் கொசு கொடுத்தது. கொயினா மருந்து கொடுத்தாள். நானும் அண்ணியும் வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தோம். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்தாள். நான் தடுத்துவிட்டேன். எங்கள் வீட்டில் அதைப் பார்த்திருக்கிறோம் என்றேன்.

உச்சிப்பொழுதில் அண்ணன் வந்தான். கல் ஏற்றுகிற மாட்டுவண்டியை வெறும் வண்டியாக ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். யாரோ பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். வாசலிலேயே ஆரம்பித்தான்.

"இன்னாமே இது? நைனா செத்து ரெண்டு மாசம் ஆவுல. அதுக்குள்ள அவரு கைய கேவலப்படுத்திறீங்களா ரெண்டு பேரும்?"

"கத்தாத அண்ணாத்தே. புள்ளைக்கு நூத்திநாலு."

"கண்ணாடிக் குச்சிக்கு எம்புள்ளையப் பத்தி இன்னா தெரியும்? நான் தொட்டுப் பாத்தேன். இல்ல."

நான் அவனோடு வாதாடவில்லை. உள்ளே போய் இரண்டு சொம்பு எடுத்தேன். ஒன்றில் மண்பானைத் தண்ணீர் மொண்டேன். இன்னொன்றில் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டில் தண்ணீர் ஊற்றினேன். பெஞ்சில் இரண்டையும் வைத்து, "எது சூடு? வெளியில தொட்டுச் சொல்லு. உள்ள கைய உடாத" என்றேன்.

முறைத்தான். உட்கார்ந்தான். சூளையில் காய்த்துப்போன உள்ளங்கையால் ஒரு சொம்பைப் பிடித்தான், மற்றதைப் பிடித்தான். திரும்ப முதல் சொம்பு. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் ஒன்றாகப் பிடித்திருந்தான்.

"ரெண்டும் ஒண்ணுதான். இன்னா வெளையாட்டு இது?"

அண்ணி கையை நீட்டி, தொட்ட வேகத்தில் சூட்டுச் சொம்பைக் காட்டினாள். அண்ணன் அவளைப் பார்த்தான். அந்தச் சொம்புக்குள் விரலை விட்டான். அப்படியே வைத்திருந்தான். தண்ணீர் ஆறிப்போகிற வரைக்கும் எடுக்கவில்லை.

பிறகு உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அப்போ நம்ம ஏழுமல?"

உன் பிள்ளை அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

செல்லி பிழைத்துக்கொண்டாள். நான்காம் நாள் பொரி வேண்டும் என்று கத்தினாள். கொயினாக் கசப்பு தாங்காமல் மருந்து கொடுத்த அண்ணன் கையைக் கடித்துவிட்டாள். "பல்லு பட்டா மட்டும் தெரியுதாய்யா ஒனக்கு?" என்று அண்ணி கேட்டாள். மூன்று நாளாகச் சிரிக்காதவன் சிரித்துவிட்டான்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லத்தான் ஊருக்குப் போனேன். நைனா பாவம், தன் கை இப்படி என்று தெரியாமலேயே போய்விட்டார் என்று சொல்லி அவளைத் தேற்றுவதாக எண்ணம். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல் சொன்னாள்.

"ஒங்க நைனாவுக்குத் தெரியும்."

"இன்னாம்மா சொல்ற?"

"ஏழுமல போயி முப்பது நாளு ஆன அன்னிக்கு, அடுப்புலேர்ந்து எறக்கின சோத்துப் பானைய ரெண்டு கையாலயும் புடிச்சாரு. ரொம்ப நேரம் புடிச்சிகினே இருந்தாரு. தோலு வெந்து நாத்தம் வந்திச்சு. நான்தான் புடுங்கி உட்டேன். 'கையி செத்துப்போச்சுடி, எம்புள்ளைய நானே உட்டுட்டேன்'னு செவுத்துல முட்டிகினாரு."

"அப்புறம் எதுக்கும்மா ஊரு புள்ளைங்களத் தொட்டாரு? சூளையில எப்பிடிச் சொன்னாரு?"

"சூளைய பொகையப் பாத்துச் சொல்வாரு. மேல் மண்ணு எறங்கறத கண்ணால பாத்துச் சொல்வாரு. கைய சொம்மா வெப்பாரு. கையில ஒண்ணியும் இல்லன்னு வெளிய வந்தா மேஸ்திரின்னு யாரு மதிப்பாங்கன்னாரு. நம்ம புள்ளைங்க மட்டும் தப்பிக்கட்டும், நீ தொட்டுப் பாருன்னு என்னாண்ட சொல்லிட்டாரு."

உண்மைதான். யோசித்துப் பார்க்கிறேன், ஏழுமலைக்கு அப்புறம் எனக்கோ அண்ணனுக்கோ உடம்பு சுட்டபோது நீ கிட்டேயே வந்ததில்லை. வாசலில் நின்றுகொண்டு அம்மாவை அனுப்புவாய். அவள் சுடுது என்றால் கஷாயம் கொதிக்கும், எங்களைப் போர்த்திப் படுக்கவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நீ சூளைமேட்டுக்குப் போய் அடுத்தவர் பிள்ளைகளைத் தொட்டு, ஒண்ணியும் இல்ல ஒண்ணியும் இல்ல என்று சொல்லி அனுப்புவாய்.

உன் பிள்ளைகளுக்கு அம்மா கை. ஊரார் பிள்ளைகளுக்குச் செத்த கை. எப்படி நைனா மனசு வந்தது உனக்கு? ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று எங்களுக்குச் சொன்னவன் நீதானே? வரிசையில் நின்ற ஒரு தாயிடமாவது, என்னிடம் காட்டாதே, என் பெண்டாட்டியிடம் காட்டு என்று சொல்லக் கூடாதா? கட்டிலில் கிடந்து உனக்கே கொதித்தபோதுகூட, ஊர் பார்க்கிறதே என்றுதானே என் தர்மாமீட்டரைத் தள்ளினாய்? அந்தக் கைக்காக உன் உயிரையும் கொடுத்துவிட்டுப் போனாயே, அப்படி என்ன இருந்தது அந்தக் கையில்?

இரண்டு நாள் அம்மாவோடு நான் பேசவில்லை. அவளும் கூடத்தானே மூடி வைத்தாள்? மூன்றாம் நாள் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஊரே தூக்கி வெச்சி ஆடுற மனுசன, பொஞ்சாதி நானு எப்பிடிறீ எறக்கறது?" என்றாள். கேட்கிறபோதும் எனக்குக் கோபம் தணியவில்லை.

அம்மாவைப் பார்க்க அயனம்பாக்கத்திலிருந்து வள்ளி என்று ஒருத்தி வந்தாள். போன வருஷம் நீ தொட்டு இல்லை என்று சொல்லி அனுப்பிய பிள்ளை ஒன்று மூன்றாம் நாள் செத்துப்போனதே, அதன் தாய். உன்னைத் திட்ட வந்தாள் என்று பயந்தேன். அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உனக்காக அழுதாள்.

"மேஸ்திரி கை பொய் சொல்லாது யக்கா. காய்ச்சலு இல்லன்னாரு. நான் பாவி, ஊட்டுக்கு இட்டுகினு போயி தலைக்குத் தண்ணி ஊத்தினேன். அதுல சளி கட்டித்தான் போச்சு. நானே எம்புள்ளைய வாரிக் குடுத்துட்டேன்."

ஒரு வருஷமாக அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள் நைனா. உன் கை பொய் சொல்லாது, அதனால் தான்தான் கொன்றவள். எத்தனை வீட்டில் எத்தனை தாய் இப்படி நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளோ! நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அம்மா என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். நான் மறுபடியும் வாயை மூடிக்கொண்டேன். அவள் போனபிறகு எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. அன்றைக்கு எழுத உட்கார்ந்ததுதான் இந்தக் கடிதம்.

அண்ணன் இப்போது யாரையும் தொடுவதில்லை. வருகிறவர்களிடம், "என் கையி கல்லுக்குத்தான் ஒதவும். பாக்கியத்தாண்ட போங்க" என்கிறான். டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் தர்மாமீட்டரை என்னிடம் கொடுத்திருக்கிறாள். சண்டையால் புதுசு கிடைப்பதில்லை, இது உடைந்தால் அவ்வளவுதான். பஞ்சு சுற்றி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வருகிறேன். முதல் வாரம் மூன்று பேர் வந்தார்கள். போன வாரம் பதினாலு பேர். ஒருவர் தன் எருமைக்கு வைத்துப் பார்க்கச் சொல்லிச் சண்டைக்கு வந்துவிட்டார்.

ஆனால் நான் வெறுமனே குச்சி வைத்துவிட்டு வந்தால் போதாது. ஏன் மாறினோம் என்று ஊருக்குத் தெரியவில்லை. மேஸ்திரி செத்ததால் கைராசி போய்விட்டது, அதனால் குச்சிக்கு வந்துவிட்டார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். அப்படியென்றால் வள்ளி இன்னும் கொலைகாரிதானே?

அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை சூளைமேட்டில், எல்லாரும் வந்தபிறகு, இந்தக் கடிதத்தை உரக்கப் படிக்கப்போகிறேன். ஒரு வரி விடாமல் படிப்பேன். அண்ணனிடம் சொல்லிவிட்டேன். பக்கத்தில் வந்து நிற்கிறேன் என்றான். அம்மா ஒரு நாள் முழுக்க யோசித்தாள். பிறகு, "படி. நானும் உக்காந்துகினு கேக்கறேன்" என்றாள். வள்ளிக்கு ஆளனுப்பி வரச் சொல்லியிருக்கிறேன்.

கேட்டு முடித்து அவள் என்ன செய்வாளோ, எனக்குத் தெரியாது. மண்ணை வாரித் தூற்றலாம். உன் பேரைச் சொல்லி வாயில் வந்தபடி ஏசலாம். என்னை அடிக்கவும் செய்யலாம். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேன். நைனா நல்லவர் என்று சமாதானம் சொல்லமாட்டேன். நீ வாங்க வேண்டியதையெல்லாம் உன் இடத்தில் நின்று நான் வாங்கிக்கொள்கிறேன். இது சத்தியம்.

உனக்குக் கொள்ளி வைக்க மகன்தான் வேண்டும், பெண்கள் சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்று என்னைத் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பினார்கள். இதற்கு மகள் போதும். என்னைத் திருப்பி அனுப்ப ஒருத்தரும் வரமாட்டார்கள்.

வள்ளி முன்னால் நிற்கப்போகிற
உன் மகள்,
பாக்கியம்